கோமுகி அணைக்கு மேலே ஒரு வயிற்றெரிச்சல்

விமானத்தில் ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த உடனே அந்தப் பிளாஸ்டிக் மூடியை இழுத்துச் சாத்திவிட்டுத் தூங்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. தூங்கத்தான் போகிறாய் என்றால் நடு இருக்கையில் தூங்கேன். அந்த ஜன்னல் எனக்கு வேண்டும். அதிலும் சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போகிற விமானத்தில் இடது பக்கத்து ஜன்னல் என்றால் நான் யாரோடும் சண்டைக்குப் போவேன்.

என் வேலை அப்படி. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷின்களை விற்கும் கம்பெனியில் இருக்கிறேன். மெஷின் எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகிறதோ அந்த ஊருக்கு நானும் போய், அங்கிருக்கிற நர்சுகளுக்கு அதை எப்படி ஓட்டுவது என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு ஊர், சில வாரம் இரண்டு. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சொந்தக்காரர் யாராவது பார்த்துவிட்டால், "ஒனக்கு இன்னாம்மா, ஆகாசத்துலயே குடித்தனம் பண்ற" என்று பெருமூச்சு விடுவார்கள். என்னைப் பார்த்து ஊரே பொறாமைப்படுகிறது. நான் யாரைப் பார்த்துப் பொசுங்கிக்கொண்டிருக்கிறேன் என்பது ஒருவருக்கும் தெரியாது.

அடிக்கடி பறந்தால் மேகம் அலுத்துப்போகும். மனிதர்கள் அலுப்பதில்லை. சக்கரம் தரையைத் தொட்டதுதான் தாமதம், எல்லோரும் எழுந்து, மேலே பெட்டி வைக்கிற இடத்தில் தலை இடிக்காமல் கழுத்தைக் கோணிக்கொண்டு நிற்பார்கள். கதவு இப்போதைக்குத் திறக்காது என்று அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் நிற்பார்கள். நிற்கிற நேரத்தில் எல்லோர் கைக்கும் போன் வந்துவிடும். இறங்கியதும் ஒருவர் முதலில் யாரைக் கூப்பிடுகிறார் என்று காது கொடுத்துக் கேட்பது என்னுடைய கெட்ட பழக்கம். கோட்டு போட்ட பெரிய மனிதர் ஒருவர், "மாடு கன்னு போட்டுச்சா" என்று கேட்டார். இன்னொரு முறை, என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, "அம்மா வந்துக்கிட்டே இருக்கேன்டி தங்கம், தூங்கிடாத" என்றாள். அன்றைக்கு அவள் மேல் வந்த எரிச்சல் டாக்சியில் ஏறி உட்கார்ந்த பிறகும் தணியவில்லை.

கைக்குழந்தை வீறிட்டு அழுதால் சுற்றியிருக்கிறவர்கள் முகம் சுளிப்பார்கள். இறங்கும்போது காது அடைத்து வலிக்கிறது, அது அழத்தான் செய்யும். எனக்கு முகம் சுளிக்காது, வயிறுதான் எரியும். அழுகிற பிள்ளை அந்த அம்மாவின் மடியில் இருக்கிறதே. அவள் என்னவோ பெரிய தண்டனை அனுபவிக்கிறவள் மாதிரி எல்லோரிடமும் 'சாரி' கேட்டுக்கொண்டிருப்பாள்.

நானும் இறங்கியதும் போன் செய்வேன். என் மகள் எடுப்பாள்.

"எறங்கிட்டேன் கண்ணு. சாப்ட்டியா?"

"ம்."

"இன்னா சாப்ட்ட?"

"சித்தி, நான் இன்னா சாப்ட்டேன்?" என்று அங்கே கேட்பாள். சித்தியின் குரல் தூரத்தில் பதில் சொல்லும். அதை இவள் எனக்குத் திருப்பிச் சொல்வாள். அதற்குள் போன் கை மாறியிருக்கும்.

அந்தச் சித்தி என் கணவரின் தம்பி மனைவி, எனக்கு ஓரகத்தி. மணலூர்பேட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து கச்சிராயபாளையத்துக்கு வாழ வந்தவள். கொழுந்தனார் கரும்பு போட்டிருக்கிறார். அவர்களுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, குழந்தை இல்லை. என் கணவருக்குச் சென்னைக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஊர் ஊராகப் பறக்கிறவள். பிள்ளை நடை பழகிய சமயத்தில், கொஞ்ச நாளைக்கு என்று சொல்லிக் கச்சிராயபாளையத்தில் விட்டோம். அந்தக் கொஞ்ச நாள் நீண்டு, அவளுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதும், பால்வாடிக்கு அழைத்துப்போவதும், காய்ச்சல் வந்தால் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஓரகத்தியின் வேலை என்று ஆகிவிட்டது. நான் விடுமுறைக்கு வந்துபோகிற விருந்தாளி.

இடது ஜன்னலின் கதை இதுதான். கோயம்புத்தூர் விமானம் கிளம்பிக் கொஞ்ச நேரத்தில், வானம் துல்லியமாக இருந்தால், கல்வராயன் மலை தெரியும். மேலிருந்து பார்த்தால் மலை உயரமாகத் தெரியாது, கசங்கிப்போன பச்சைத் துணி மாதிரி கிடக்கும். அதன் காலடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் பளபளக்கும். அது கோமுகி அணை. அதற்குப் பக்கத்தில்தான் என் பிள்ளை இருக்கிறாள். காலை விமானம் என்றால், இந்நேரம் ஓரகத்தி அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். பணிப்பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது காதில் விழாது. ஊட்டுகிறாளா, ஊட்டட்டும். நன்றாக ஊட்டட்டும். அப்படி நினைத்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன்.

இந்த வருஷம் பிள்ளைக்கு ஒன்றாம் வகுப்பு. ஜூனில் சென்னைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று பொங்கல் முடிந்ததுமே நான் முடிவு கட்டிவிட்டேன். கம்பெனியில் மன்றாடி, வெளியூர்ப் பயணத்தைக் குறைத்து, ஜூனிலிருந்து சென்னை ஆஸ்பத்திரிகளை மட்டும் பார்க்கிற வேலைக்கு மாற்றம் வாங்கினேன். ஓரகத்தியிடம் சொன்னபோது அவள், "சரிக்கா, படிப்புதான முக்கியம்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். பிள்ளைதான் மசியவில்லை. "நான் வர மாட்டேன், நீ வேணா இங்க வந்து இரு" என்றாள். என் கணவர் அதற்கு மேல்.

"புள்ளைய அழ அழ இட்டுக்கினு வர்றதுன்னா நான் வர மாட்டேன். அதுவா வரணும்."

"அதுவா எப்புடி வரும்? மந்திரம் போட்டு வெச்சிருக்கா."

"வாய் ஜாஸ்தி ஒனக்கு" என்று எழுந்து போய்விட்டார்.

மந்திரம் என்று நான் வாய்தவறிச் சொல்லவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் பிள்ளை என்னிடம் ஒன்று சொல்லியிருந்தாள். நான் தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தன்பாட்டுக்கு, "நீ ஊருக்குப் போனதும் சித்தி எனக்கு உப்பு மொளகா சுத்திப் போடும்" என்றாள்.

"எப்பவாச்சுமா?"

"நீ போறப்ப எல்லாம்."

திருஷ்டி கழிப்பது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பிள்ளை நன்றாகச் சாப்பிடவில்லை என்றாலோ, சிணுங்கிக்கொண்டே இருந்தாலோ, யார் கண் பட்டதோ என்று உப்பையும் மிளகாயையும் கையில் மூடிச் சுற்றி அடுப்பில் போடுவார்கள். நானே செய்திருக்கிறேன். ஆனால் நான் வந்துவிட்டுப் போகிற ஒவ்வொரு முறையும் என்றால், அதற்கு என்ன அர்த்தம்? பெற்றவள் பார்த்துவிட்டுப் போனதைக் கழித்துப்போடுகிறாள். என் கண் கொள்ளிக்கண். என் பிள்ளைக்கு நான் ஆகாதவள். மாதக்கணக்கில் காத்திருந்து ஓடிவந்து பார்க்கிற என் பார்வையை உப்போடு சேர்த்து அடுப்பில் போட்டுப் பொசுக்குகிறாள். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே பயம்.

ஏப்ரலில் ஒரு யோசனை வந்தது. கோயம்புத்தூரில் எனக்கு ஒரு நாள் வேலை இருந்தது. பிள்ளையை விமானத்தில் அழைத்துப்போனால் என்ன? வானத்தில் சித்தி இல்லை. அங்கே எல்லாம் தெரிந்தவள் நான். ஜன்னல், மேகம், பெல்ட், மேசை எல்லாவற்றையும் காட்டி, அம்மா எப்பேர்ப்பட்டவள் என்று பிள்ளையை வாய் பிளக்க வைத்துவிட்டால் ஜூனில் தானாக வருவாள்.

பிள்ளை துள்ளிக் குதித்தாள். குதித்து முடித்துவிட்டு, "சித்திக்கும் சீட்டு வாங்கு" என்றாள். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சித்தி இல்லையென்றால் ஏரோபிளேனும் வேண்டாம் என்று தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓரகத்தி, "எனக்கு எதுக்குக்கா, கரும்பு வேல கெடக்குது" என்றாள். கண்ணில் ஆசை இருந்தது. வாங்கித் தொலைத்தேன்.

சென்னை விமான நிலையத்தில் சோதனை செய்கிற இடத்தில் ஓரகத்தியின் பையை ஓரம் கட்டினார்கள். வடநாட்டுப் பெண் அதிகாரி ஒருத்தி பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். புளிச்சோறு, பிள்ளைக்கு மாற்றுத் துணி, அதற்கடியில் துணியில் முடிந்து வைத்த ஒரு மூட்டை. அவிழ்த்தால் கல்லுப்பு, காய்ந்த மிளகாய், கற்பூரம், தீப்பெட்டி. அதிகாரி இந்தியில் இது எதற்கு என்று கேட்டாள். ஓரகத்திக்குப் புரியவில்லை, என்னைப் பார்த்தாள். எனக்குக் காது ரெண்டும் சூடேறிவிட்டது. ஒரே ஒரு நாள் பிள்ளை என்னோடு வருகிறாள், அதற்கும் சேர்த்துக் கழிப்பதற்குக் கையோடு மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். அதை நானே இந்தியில் விளக்கிச் சொல்ல வேண்டும். "நஜர்" என்றேன். பிள்ளைமேல் கண் படாமல் இருக்க என்றேன். அந்த அதிகாரி கல்நெஞ்சக்காரி மாதிரி இருந்தவள், சட்டென்று சிரித்து, பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள். தீப்பெட்டியும் கற்பூரமும் மிளகாயும் குப்பைக்குப் போயின. உப்பை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். ஓரகத்தி அதை மறுபடியும் பத்திரமாக முடிந்துகொண்டாள்.

இருக்கைகளை நான் முன்னாலேயே திட்டம் போட்டு வாங்கியிருந்தேன். பிள்ளைக்கு ஜன்னல், நடுவில் நான், நடைபாதை ஓரம் அவள். விமானம் ஓட ஆரம்பித்தபோது பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் தரையை விட்டபோது நகம் பதிகிற அளவுக்கு இறுக்கினாள். வலித்தது. இன்னும் இறுக்கட்டும் என்று இருந்தது. ஓரகத்தி அந்தப் பக்கம் கண்ணை மூடி ஏதோ சாமி பெயரை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இங்கே நான்தான் ராணி என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் நினைத்தேன்.

மலை வந்தது. "அதோ பாரு, நம்ம அணை" என்றேன். பிள்ளை மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்துவிட்டு, "சித்தி, நம்ம வூடு" என்று கத்தினாள். ஓரகத்தி என் மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். அவள் தலையிலிருந்த கனகாம்பரம் என் வாயில் உரசியது.

"இவ்ளோ சின்னதாக்கா இருக்குது?" என்றாள். பிறகு, "இப்புடிப் போவறப்ப எல்லாம் எங்களப் பாப்பீங்களா?"

"தெரிஞ்சா பாப்பேன்."

"இன்னா நெனச்சிக்குவீங்க?"

இட்லியைப் பற்றி அவளிடம் என்ன சொல்ல முடியும்?

இறங்கும்போது பிள்ளைக்குக் காது வலித்தது. நான் எதிர்பார்த்ததுதான், இதற்கென்றே கைப்பையில் மிட்டாய் வைத்திருந்தேன். பிரித்து நீட்டுவதற்குள் பிள்ளை பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, என்னைத் தாண்டி, என் தொடையில் கால் வைத்து ஏறி, "சித்தி காது வலிக்குது" என்று அவள் மேல் விழுந்தாள். பணிப்பெண் விரைந்து வந்து, குழந்தை தன் இடத்தில்தான் உட்கார வேண்டும் என்றாள். திரும்ப உட்கார வைத்து பெல்ட் போட்டோம். ஆனால் பிள்ளை கையை நீட்டினாள், ஓரகத்தியும் நீட்டினாள். இரண்டு கைகளும் கோத்துக்கொண்டு, விமானம் நிற்கிறவரைக்கும் என் மடிமேல் கிடந்தன. மிட்டாயை நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

வேலையை முடித்துக்கொண்டு சாயங்காலம் ஓட்டல் அறைக்கு வந்தேன். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஓரகத்தி அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எந்த ஊருக்குப் போனாலும் இப்புடித்தான் தனியா படுத்துக்குவீங்களாக்கா? கதவச் சாத்துனா ஒரு சத்தமும் கேக்கல" என்றாள். பழகிப்போச்சு என்றேன். பொழுது சாய்ந்து விளக்குப் போட்டதும், பையிலிருந்து அந்தத் துணி மூட்டையை எடுத்தாள். பிள்ளையைக் கிழக்குப் பார்க்க உட்காரச் சொன்னாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு கண்ணுன்னு சுத்தற?" என்றேன். "என் கண்ணுதான? பெத்தவ கண்ணு கொள்ளிக்கண்ணுன்னு என் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுச் சுத்து. இத்தினி வருஷமா நான் போன பின்னாடிதான சுத்தன, இன்னிக்கி என் எதுருலயே சுத்து."

ஓரகத்தி உப்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்க கண்ணாக்கா?" என்றாள். "பெத்தவ கண்ணு புள்ளைய இன்னா பண்ணிடப் போவுது?"

"அப்பறம் யாரு கண்ணு?"

"என் கண்ணுதாங்க்கா."

பிள்ளை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஓரகத்தி ரிமோட்டை எடுத்து டிவியைப் போட்டு, பொம்மைப் படம் வைத்து, பிள்ளையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள்.

"நீங்க வந்தா புள்ள ஒங்க முந்தானைய வுடாது. ஒங்க கூடத்தான் படுக்கும். நான் அடுப்பண்ட நின்னு பாத்துக்கினே இருப்பேன். வயிறு எரியும்க்கா. அடக்கிக்கணும்னுதான் பாக்கறது, முடியல. பெறாதவ கண்ணு பொல்லாதுன்னு சொல்றாங்க இல்ல. அந்தக் கண்ணோட பாத்துட்டு, அப்பறம் புள்ளைக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்? அதான் நீங்க பஸ் ஏறனதும் சுத்திப் போட்டுடுவேன். இன்னிக்கும் எரியும்னு தெரியும். அதான் வரும்போதே கொண்டாந்தேன். ஏரோபிளேன்ல புள்ள ஒங்க கையப் புடிச்சிக்கிச்சி இல்ல, கண்ண மூடிக்கினேன்."

அவள் சாமி கும்பிடுகிறாள் என்று நான் நினைத்திருந்தேன்.

என் முந்தானையை விடாமல் பிள்ளை இருந்த நாள் எது என்று யோசித்தேன். இருந்திருக்கிறது. எத்தனையோ முறை இருந்திருக்கிறது. அதெல்லாம் எனக்கு நினைவில் தங்கவில்லை, அவள் சித்தியிடம் ஓடினது மட்டும்தான் தங்கியிருந்தது. அதைவிட மோசமான ஒன்று அடுத்து உறைத்தது. நானும் இத்தனை வருஷமாக எரிந்திருக்கிறேன். விமானத்தில், ஓட்டலில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எரிந்திருக்கிறேன். என் எரிச்சல் பிள்ளைக்கு ஆகாதே என்று ஒரு நாளும் எனக்குப் பதறியதில்லை. பொறாமையில்கூட அவள் என்னைவிட நல்ல தாயாக இருந்தாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

"சுத்து" என்றேன்.

அவள் பிள்ளையைச் சுற்றினாள். ஊரு கண்ணு, ஒறவு கண்ணு என்று ஆரம்பித்து ஒவ்வொரு கண்ணாகச் சொல்லி, கடைசியில் சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். அடுப்பு இல்லாததால் உப்பைக் குளியலறைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டாள். அது கரைகிறவரைக்கும் அங்கேயே நின்றாள். மறுநாள் சேலம் வழியாக பஸ்ஸில் ஊர் திரும்பினோம். வழி நெடுக இரண்டு பேரும் கரும்பு வெட்டுவதைப் பற்றியும் வெயிலைப் பற்றியும்தான் பேசினோம்.

ஜூனில் நான் மட்டும் பிள்ளையை அழைக்க வந்தேன். கணவர் சொன்னபடியே வரவில்லை. அழுதால் விட்டுவிட்டு வந்துவிடு என்று போனில் சொல்லியிருந்தார். வீட்டுக்குள் போனால் ஓரகத்தி இல்லை. அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று முதல் நாளே மணலூர்பேட்டைக்குப் போய்விட்டாளாம். பிள்ளையின் துணிமணி, நோட்டு, தலைக்கு வைக்கிற கிளிப் எல்லாம் மடித்துப் பையில் தயாராக இருந்தன. கிளம்பும்போதுகூட ஒருத்தி எதிரில் நிற்காமல் போய்விட்டாளே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. பிள்ளை சித்தியைக் கேட்டு அழுதால் நான் தனியாக எப்படிச் சமாளிப்பேன்?

கச்சிராயபாளையத்தில் டவுன் பஸ் ஏறினோம். பிஸ்கட், மிட்டாய், புதுப் பொம்மை என்று அழுகைக்கு வேண்டியதையெல்லாம் நான் மடியில் வைத்திருந்தேன். பஸ் கிளம்பியது. பிள்ளை அழவில்லை. என் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"பயப்படாதம்மா. நான் இருக்கறேன் இல்ல."

"எனக்குப் பயம்னு யாரு சொன்னது?"

"சித்திதான். நீ போற ஊர்ல எல்லாம் ரூம்ல தனியாதான் படுத்துக்குவியாம். ஒரு சத்தமும் கேக்காதாம். ஒனக்கு பயமா இருக்குமாம், ஆனா யாருகிட்டயும் சொல்ல மாட்டியாம். அதனால நான் வந்து ஒன்னப் பாத்துக்கணுமாம். நான் அழுதா நீயும் அழுதுடுவன்னு சொல்லுச்சி. அதான் அழல."

"சித்திக்கு யாரு தொணை?"

பிள்ளை யோசித்தாள். "நானும் கேட்டேன். எனக்கு எல்லாரும் இருக்காங்க, ஒங்கம்மாவுக்குத்தான் யாரும் இல்லன்னு சொல்லுச்சி."

நான் எத்தனை தடவை கெஞ்சியும் வராத பிள்ளை, ஏரோபிளேன் காட்டியும் வராத பிள்ளை, அவள் ஒரு வார்த்தை சொன்னதும் கிளம்பி வந்துவிட்டாள். பிள்ளை எனக்குக் கிடைத்துவிட்டாள். கொடுத்தவள் அவள்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.